சாட்சியில் விடுபட்ட நாற்காலி

என் அண்ணியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலேதான் எழுதுகிறேன். நாத்தனார் எழுதினால் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குறையும் சொல்லுவேன். அது என் உரிமை. அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சண்டை போடாத நாளில் இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்காது.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள், நடுவில் உலர்த்தும் எந்திரங்கள், கடைசியில் விரிப்புகளை உள்ளே இழுத்துச் சூடாக அழுத்தி வெளியே தள்ளுகிற பெரிய உருளை. எந்நேரமும் ஆவி. எதிரே நிற்பவர் முகம் பாதி தெரியும், பாதி தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும். அண்ணிக்கு மட்டும் அது மேகம். "மேகத்துக்குள்ள நிக்க வெச்சு சம்பளமும் குடுக்கிறாங்க, இதுக்கு மேல என்னடி வேணும்?" என்பாள். பைத்தியம் என்று நான் சொல்வேன். சிரிப்பாள்.

உருளையிலிருந்து வரும் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ஓர் உதறு. பிறகு பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து, என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் போவேன். எங்கள் பேச்செல்லாம் இந்த நடையில்தான். விலகிப் போகும்போது ஒரு கேள்வி, நெருங்கி வரும்போது பதில். வெள்ளை விரிப்பு ஒன்று எங்களுக்கு நடுவே எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வெளியே வந்தால் தெருவே கொஞ்ச நேரம் மிதக்கிற மாதிரி இருக்கும்.

அண்ணிக்கு இன்னொரு வேலையும் உண்டு, யாரும் கொடுக்காத வேலை. விரிப்புகள் துவைத்துத் துவைத்து நைந்துபோனால் கழித்துப் போட்டுவிடுவார்கள். அவற்றில் நன்றாக இருக்கும் இடத்தை அவள் வெட்டி எடுத்து, ஓரம் தைத்து, கீழ்த்தட்டில் அடுக்கி வைப்பாள். புதுத் துணிக்கு வராத ஒரு மென்மை அதற்கு வந்திருக்கும். பிரசவ வார்டில் உயிரில்லாமல் பிறக்கிற குழந்தைகளைச் சுற்றுவதற்கு அந்தச் சின்னத் துணிகள். வார்டிலிருந்து நர்ஸ் யாராவது வந்து மெதுவாக, "அக்கா, ஒண்ணு வேணும்" என்பார்கள். அவள் எழுந்து எடுத்துக் கொடுப்பாள். வேலை நேரமெல்லாம் பாடிக்கொண்டே இருக்கிறவள் அன்று முழுக்கப் பாடமாட்டாள். எனக்கே அன்று அவளோடு சண்டை போட மனசு வராது.

அண்ணி பக்தி உள்ளவள். பக்தி என்றால் சும்மா இல்லை, கடவுளோடு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசுகிறவள். பிரார்த்தனைக் கூடத்தில் அவளுக்கு "சாட்சிக்காரம்மா" என்று பெயர். வருடத்துக்கொரு முறை அங்கே சாட்சி நாள். கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஆளாளுக்கு எழுந்து சொல்வார்கள். மற்றவர்கள் சாட்சியில் தொலைந்துபோன சாவி கிடைக்கும், வராத வேலை வரும். அண்ணியின் சாட்சிக்குத்தான் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். நான் கூடத்துக்குப் போவது பாட்டுக்காகவும் நிழலுக்காகவும்தான், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும்.

சாட்சி இதுதான். "என் வயித்துல புள்ள இருந்தப்போ டாக்டருங்க கலைக்கணும்னாங்க. நான் முடியாதுன்னேன். கடவுள் குடுத்தத மனுஷங்க கையில குடுக்கமாட்டேன்னேன். இதோ நிக்கிறான் என் மகன்." மகன் எழுந்து நிற்பான். கூட்டம் கைதட்டும். கூடத்தில் அவனுக்கு "அதிசயம்" என்றே பெயர். அதிசயம் இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறான். தினமும் தாமதமாக வரும் பேருந்தை ஓட்டுகிறவன் ஓர் அதிசயம் என்பது பாவம், அந்தப் பயணிகளுக்குத் தெரியாது.

ஆனால் நடந்தது முழுக்க அப்படி இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் கூட இருந்தேன்.

அப்போது என் அண்ணன் கப்பலில் சமையல்காரர். கரைக்கு வர மாதக்கணக்காகும். அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டு, முகமெல்லாம் வீங்கிப்போய், இதே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டி வந்தேன். பார்த்த டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, இப்போதே கலைத்துவிட்டால் தாய் அநேகமாகப் பிழைத்துக்கொள்வாள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மா மூலையில் கிடந்த ஒரு நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டார்.

"உக்காருங்கம்மா. நல்லா யோசிங்க. ரெண்டுல நீங்க எதச் சொன்னாலும் நான் உங்ககூட இருப்பேன். அவசரமே இல்ல" என்றார். பிறகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

கதவுக்கு வெளியே நான் அவரோடு சண்டைக்குப் போனேன். "அவளுக்கு என்னங்க தெரியும்? பெரிய படிப்புப் படிச்சவங்க நீங்களே சொல்லிடுங்களேன்!" என்றேன். டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "அவங்க சொல்லட்டும்" என்றார். அவ்வளவுதான். என்னோடு சேர்ந்து அவரும் நின்றார்.

உள்ளே நடந்ததை அண்ணி பிறகு எனக்குச் சொன்னாள். அந்தக் காலத்தில் உலர்த்தும் எந்திரம் கிடையாது. எதிர் மொட்டைமாடியில் கொடி கட்டி விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள். காற்று வரும்போதெல்லாம் அவை ஒவ்வொன்றாக எழும்பி இறங்கினவாம், யாரோ அடியில் படுத்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது, பயம் எப்போது போனது என்றும் தெரியாது. "பக்கத்துல யாரோ வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சுடி. ஒண்ணும் கட்டளை போடல. 'என்னம்மா செய்யலாம்?'னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நான் 'இருக்கட்டும்'னு சொன்னேன். வாய்விட்டே சொல்லிட்டேன்." எழுந்து வந்து கதவைத் திறந்து டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னாள்.

மற்றதெல்லாம் அவள் பட்ட பாடு. அதைச் சொன்னால் இந்தக் கதை தாங்காது. பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தான். அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு நேரே இந்தச் சலவைக்கூடத்துக்கு வந்து வேலை கேட்டாள். "அந்த விரிப்பெல்லாம் எங்க போய் வருதுன்னு பாக்கணும்" என்பதுதான் அவள் சொன்ன காரணம். வேலை கொடுத்தவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். பார்க்காமல் என்ன செய்வார்!

நாற்காலி எப்படித் தொலைந்தது என்று சொல்கிறேன். அதற்குக் காரணம் ஒரு மணி. சாட்சி நாளில் ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். நேரம் முடிந்தால் பெரியவர் மேஜை மேலிருக்கும் சின்னப் பித்தளை மணியை அடிப்பார். பெரியவர் என்றால் கூடத்தை நடத்துகிறவர், நல்ல மனுஷர், ஆனால் மணி விஷயத்தில் தன் தாயையே விடமாட்டார். அண்ணி முதல் தடவை சாட்சி சொன்னபோது வீங்கிய முகம், டாக்டரம்மா, நாற்காலி, ஜன்னல், எழும்பி இறங்கும் விரிப்புகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். மணி அடித்துவிட்டது. பிள்ளை பிறக்கவே இல்லை! கூட்டம் திருதிருவென்று விழித்தது. அப்புறம் என்ன ஆச்சு, குழந்தை இருக்கா இல்லையா என்று வாசலில் செருப்பு மாட்டும்போது ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் பெரியவர் அன்பாகத்தான் சொன்னார். "அம்மா, நாற்காலி, ஜன்னல் எல்லாம் வேணாம். நேரா அதிசயத்துக்கு வந்துடுங்க." அவள் நாற்காலியை எடுத்தாள். அதற்கடுத்த வருடம் டாக்டரம்மா நின்ற வாசலை எடுத்தாள். கூட்டம் எங்கே தலையாட்டியதோ அந்த இடம் சாட்சியில் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் கலைக்கச் சொன்ன டாக்டர்களும் முடியாது என்ற அண்ணியும் மட்டும் மிஞ்சினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்லத் தேய்ந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் புதுச் சட்டம் ஒன்று விவாதத்துக்கு வந்தது. கருக்கலைப்பைப் பற்றிப் பெண்ணும் டாக்டரும் பேசி முடிவெடுக்கலாம் என்பது பழைய சட்டம். தாயின் உயிர் போகிற நிலை ஒன்றைத் தவிர வேறு எதற்கும் கூடாது என்பது வரப்போகிற சட்டம். ஊரே இரண்டாகிவிட்டது. சுவரெல்லாம் சுவரொட்டி, ஒன்றின் மேல் ஒன்று. ஒரு பக்கம் பிரார்த்தனை ஊர்வலம், மறுபக்கம் மருத்துவ மாணவிகள் ஊர்வலம். எங்கள் சலவைக்கூடத்தில்கூட ஒரு பெண் அந்தச் சட்டம் வேண்டும் என்றால் அவளோடு விரிப்பு மடிக்கிறவள் வேண்டாம் என்பாள், விரிப்பு கோணலாக மடியும். வீட்டிலோ என் அண்ணன். கப்பல் எந்திரம் அவர் காதைத் தின்றுவிட்டது. ஓய்வுபெற்று வந்த பிறகு அவருக்கு வேலையே வானொலி கேட்பதுதான், அதுவும் தெருக்கோடி வரை கேட்கிற சத்தத்தில். காலையில் ஆரம்பித்தால் கரு, உயிர், பாவம், உரிமை என்று வீடு முழுக்க அதே பேச்சு. சமையலறைக்குப் போனாலும் துரத்திக்கொண்டு வரும்.

சட்டம் இயற்றுகிறவர்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். பிரார்த்தனைக் கூடத்தின் சார்பில் யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. பெரியவர் வீடு தேடி வந்தார். "உங்க சாட்சி ஒண்ணு போதும்மா. மத்தவங்க ஆயிரம் வாதம் பண்ணட்டும்." அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கடவுள் கேட்ட கைம்மாறு இது என்று நினைத்தாள். ஒத்துக்கொண்டாள். என்னைக் கேட்டிருந்தால் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டார்கள்?

அந்த வாரம்தான் மருமகள் சலவைக்கூடத்துக்கு வந்தாள்.

மருமகள் என்றால் அதிசயத்தின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் வில்லை பொருத்தும் வேலை. பிரார்த்தனைக் கூடத்திலேயே வளர்ந்த பெண், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசுவாள். அப்போது ஐந்து மாதம். சாப்பாட்டு வேளையில் ஆவிக்குள்ளே வந்து நின்றாள். அண்ணி மேலே வார்டுக்கு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"சித்தி, ஸ்கேன்ல பார்த்துட்டாங்க" என்றாள். "மண்டை மூடலயாம். மூளை வளரலயாம். பொறந்தாலும் கொஞ்ச நேரம்தானாம். வேற இடத்துலயும் போய்ப் பார்த்துட்டோம், அதேதான்."

அவளைக் கழித்துப்போட்ட விரிப்புக் குவியல் மேல் உட்கார வைத்தேன்.

"அவன் என்ன சொல்றான்?"

"அழறார். நீ என்ன முடிவு பண்ணாலும் சரி, ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிடுங்கிறார்."

அதிசயமாம், அதிசயம்! அத்தனை பெரிய பேருந்தைத் திருப்பத் தெரிகிறவனுக்குத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. திட்டித் தீர்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர் ரெண்டு வழியும் சொல்லிட்டாங்க. பெத்து எடுக்கிறதுன்னாலும் கூட இருப்பாங்களாம், வேணாம்னாலும் இருப்பாங்களாம். எனக்கு எதையுமே யோசிக்க முடியல சித்தி. யோசிக்க ஆரம்பிச்சா அத்தையோட சாட்சி வந்து நிக்குது. சின்ன வயசுலேருந்து கேக்கிறேன். மனப்பாடம். அதுல பயந்தவங்க யாருமே இல்ல."

போகும்போது, "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். வாய் அப்படிச் சொன்னது. கண் வேறு மாதிரி கெஞ்சியது. என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அன்று மாலைக்குள் சொல்லிவிட்டேன். விரிப்போடு பின்னால் போகும்போது ஆரம்பித்தேன், நெருங்கி வரும்போது முடித்தேன். என் முனைகளை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அவள் பிடித்திருந்ததும் நழுவி விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. இத்தனை காலத்தில் அண்ணி கையிலிருந்து ஒரு விரிப்பு விழுந்து நான் பார்த்ததில்லை. குனிந்து எடுத்து மறுபடி துவைக்கிற கூடையில் போட்டாள்.

"கடவுள் பார்த்துப்பாரு" என்றாள்.

"அவரு பார்த்துக்கட்டும். அவள யார் பார்க்கிறது?" என்று கத்திவிட்டேன். உருளைப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் அவள் தரையில் நடந்த மாதிரியே இல்லை. அதிசயம் நடக்கட்டும் என்று காலையும் மாலையும் கூடத்தில் முழங்காலிட்டாள். மருமகளை நேருக்கு நேர் பார்க்கவில்லை. தட்டில் சோறு வைப்பாள், தலையைத் தொட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆவிக்குள் நின்றுகொண்டு விரிப்பையே பார்ப்பாள். அது எழும்பும்போது அவள் கண்ணும் எழும்பும். பேசினால் காதில் விழாது. ஒரு நாள் வார்டுக்கு வண்டி தள்ளிப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. தேடிப் போகலாமா என்று நான் நினைத்தபோது வெறுங்கையோடு வந்தாள், வண்டியை எங்கோ விட்டுவிட்டு.

"அந்த ரூமுக்குப் போனேன்" என்றாள்.

"எந்த ரூமு?"

"நான் உக்காந்த ரூமு. இப்ப அங்க உடைஞ்ச கட்டிலெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. மொட்டைமாடி தெரியல, புதுக் கட்டடம் மறைச்சிடுச்சு. நாற்காலியும் இல்ல." விரிப்பின் முனையை எடுத்துக்கொண்டாள், ஆனால் பின்னால் நடக்கவில்லை. "ஏண்டி, அன்னிக்கு டாக்டரம்மா என்ன சொன்னாங்க? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டுல எதச் சொன்னாலும் கூட இருப்பேன்னாங்க."

"எனக்கு அது மறந்தே போச்சு" என்றாள். "சாட்சி சொல்லிச் சொல்லி, அவங்க என்னவோ கத்தியோட வந்த மாதிரியும் நான் கதவுல நின்னு தடுத்த மாதிரியும்தான் எனக்கே தெரியுது. அவங்க கத்தியோட வரல. நாற்காலியோடதான வந்தாங்க?"

"ஆமா அண்ணி" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. எனக்கே!

கூட்டத்தன்று நானும் அவளோடு போனேன். உயரமான கூரை, வரிசை வரிசையாக நாற்காலிகள், மேடையில் சட்டம் இயற்றுகிறவர்கள். ஒரு பக்கம் எங்கள் கூடத்து ஆட்கள், மறுபக்கம் எதிர்த்தரப்பு. இருதரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். முன்னால் பேசியவர்கள் எல்லாம் கோபமாகப் பேசினார்கள். அங்கேயும் நேரக் கணக்கு, அங்கேயும் ஒரு மணி, ஆனால் மின்சார மணி. பெரியவர் முதல் வரிசையில் இருந்து அண்ணியைப் பார்த்துத் தைரியமாகத் தலையசைத்தார். மருமகள் வீட்டில் இருந்தாள். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. என் அண்ணன் இருக்கிற வீட்டில் அவள் கேட்காமலிருக்க வழியே இல்லை.

அண்ணி எழுந்து போய் ஒலிவாங்கி முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு சலவைக்கூடத்தில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"எனக்கு மூஞ்சி வீங்கியிருந்துச்சு. வீட்டுக்காரர் கப்பல்ல. நாத்தனார்தான் கூட்டிட்டுப் போனா. ரொம்பப் பயமா இருந்துச்சு. டாக்டரம்மா விஷயத்தச் சொன்னாங்க. சொல்லிட்டு ஒரு நாற்காலியத் தேடினாங்க. மூலையில ஒண்ணு கிடந்துச்சு, கால் கொஞ்சம் ஆடும். அத அவங்களே இழுத்துட்டு வந்தாங்க..."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணி அவசரப்படவில்லை. நாற்காலியின் ஆடுகிற கால், ஜன்னல் கம்பியில் பெயர்ந்த சாயம், கொடியில் விரிப்புகள், காற்று வந்தது, எழும்பியது, இறங்கியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு செருமல் இல்லை. அந்த மண்டபத்துக்குள்ளேயே ஆவி புகுந்துவிட்ட மாதிரி எல்லார் முகமும் எனக்குப் பாதிதான் தெரிந்தது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வெளியில நிக்கிறேன், யோசிச்சுச் சொல்லுங்கன்னு கதவச் சாத்திட்டுப் போனாங்க. நான் உக்காந்தேன். அங்கதான் கடவுள் வந்தாரு. அவரும் இதச் செய்யின்னு சொல்லல. என்ன செய்யலாம்னு என்னைக் கேட்டாரு..."

மணி அடித்தது.

அண்ணி நிறுத்தினாள். வருடக்கணக்கான பழக்கம், மணி அடித்தால் வாய் மூடிவிடும். தலைமை வகித்தவர் மரியாதையாக, "பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்க. அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். முதல் வரிசையில் பெரியவர் வாயசைப்பது தெரிந்தது: அதிசயம், அதிசயம்.

"வேணாங்க" என்றாள் அண்ணி. "இத்தனை வருஷமா அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். இன்னிக்கு நாற்காலி வரைக்கும் சொல்லத்தான் வந்தேன்."

கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள். எந்தத் தரப்பு கைதட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. வாசலில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் ஓடி வந்து, "அம்மா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "நான் கடவுள் பக்கம்தாம்மா. எப்பவும்" என்றாள் அண்ணி. அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு என்ன செய்தாளோ!

வீட்டு வாசலில் வானொலிச் சத்தம் இல்லை. அதுவே எனக்குத் திக்கென்றது. உள்ளே போனால் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். "என்னடி இவ, புள்ள பொறந்ததையே சொல்லாம வந்துட்டா?" என்று என்னிடம் கேட்டார். மருமகள் வானொலிப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அணைத்திருக்கிறாள்.

அண்ணி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பயமா இருக்காம்மா?"

"ரொம்ப அத்தை."

"எனக்கும் அப்ப அப்படித்தான். சாட்சியில சொல்லாம விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன நினைக்கிறேன்னு உனக்குத் தெரியும். அது மாறல. ஆனா கேள்வி எனக்கு வரல, உனக்கு வந்திருக்கு. நான் கூட வரேன்."

டாக்டர் அறைக்கு மூன்று பேருமாகப் போனோம். அதிசயமும் பேருந்தை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடிவந்து வாசலில் நின்றான். அறையில் ஜன்னல் இருந்தது, அருகே நாற்காலி இல்லை. அண்ணி டாக்டரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டாள். தரையில் அது கிறீச்சென்று கத்தியது. மருமகளை உட்கார வைத்தாள், டாக்டர் உட்பட எங்களை எல்லாம் வெளியே தள்ளினாள், கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பக்கத்திலேயே கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு அசைந்தது.

வெகுநேரம் கழித்துக் கேட்டேன். "அதிசயம் நடக்கணும்னு வேண்டிக்கிறீங்களா அண்ணி?"

"அதெல்லாம் வேண்டி முடிச்சாச்சு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அவ வந்து எதச் சொன்னாலும் நான் அழாம கேக்கணும்னு வேண்டிக்கிறேன்."

கதவு திறந்தது. மருமகள் நின்றாள். முகம் தெளிந்திருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது. "இத்தோட அனுப்பிடலாம் அத்தை. அது பொறந்து கஷ்டப்படறத என்னால பார்க்க முடியாது."

அண்ணி அழவில்லை. "சரிம்மா" என்றாள். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். அதிசயம்தான் ஓவென்று அழுதான். அவனை நான் பார்த்துக்கொண்டேன்.

கூடத்தில் சிலர் இப்போது அண்ணியோடு பேசுவதில்லை. எதிர்த்தரப்பிலிருந்தும் அழைக்க வந்தார்கள், அவர்களோடும் அவள் போகவில்லை. பெரியவர் ஒரு மாலை வந்தார். தேநீர் ஆறும் வரை தம்ளரை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நீங்க செஞ்சத என்னால ஏத்துக்க முடியலம்மா" என்றார் கடைசியில். பிறகு, "ஆனா நாற்காலிய எடுக்கச் சொன்னது நான்தான்" என்றார். "மணி அப்படி, நீங்க என்ன செய்வீங்க?" என்று சொல்லி அவள் தேநீரைச் சூடாக்க எடுத்துப் போனாள். சட்டம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அண்ணனின் வானொலி மறுபடி கத்துகிறது.

இதையெல்லாம் விட எனக்கு மனசில் நிற்பது மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் குறித்த அந்த நாள் காலைதான். மேலே வார்டில் அவளோடு ஓர் ஆளைத்தான் இருக்க விட்டார்கள்; அதிசயத்தை விட்டுவிட்டு நாங்கள் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டோம். சும்மா இருக்க இரண்டு பேருக்குமே தெரியாது. மத்தியானத்துக்கு முன்னால் பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி ஆவிக்குள்ளே வந்து நின்றாள். யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். அதனால், "அக்கா" என்பதோடு நிறுத்திவிட்டாள்.

அண்ணி கீழ்த்தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இருப்பதிலேயே மெத்தென்றிருந்த ஒன்றை எடுத்து, உருளையில் ஒரு தடவை விட்டுச் சூடாக்கினாள். அப்போதுதான் அழுதாள். ஆவியில் எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள்.

உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அந்தத் துணி. ஒரே ஆள் மடிக்கக்கூடியது. அவள் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் மற்ற இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டேன்.